ஒரே சன்னல், மூன்று தொட்டிகள்: உறைபனிக்காலத்தில் எதை எங்கே வைப்பது?

கேள்வி: செம்பருத்தி, எலுமிச்சை, ஈழத்தலரி மூன்றும் தொட்டியில் இருக்கின்றன. வெயில் விழும் சன்னல் ஒன்றுதான். அந்த இடம் யாருக்கு?

பதில்: முதல் இரண்டுக்கும். ஈழத்தலரி இலையுதிர்த்து உறங்கிவிடும். உறைபனி எட்டாத இருட்டறையே போதும், தண்ணீர் அநேகமாக வேண்டாம். இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குமுன் உள்ளே எடுங்கள். முதல் உறைபனி வரட்டும் என்று காத்திருப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தொட்டியில் மண் குறைவு; பக்கவாட்டிலிருந்தும் குளிர் ஏறி வேரைப் பிடிக்கும்.

கேட்டவர்: உள்ளே எடுத்துவிட்டேன். செம்பருத்தி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. உரம் வைக்கட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வெளிச்சம் குறைந்தால் அப்படித்தான் உதிர்க்கும். மேல்மண் காய்ந்தபின் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

இன்னொருவர்: இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். சூடான, உலர்ந்த அறை என்றால் சிலந்திப்பேனுக்குக் கொண்டாட்டம்.