ஆன்டிவைரஸைப் புதுப்பிக்க 1,200 ரூபாய் கேட்கிறார்கள், கட்டவா?

மாடித்தோட்டம்:
வணக்கம். பணி ஓய்வு பெற்றவன். போன வருடம் மகள் வாங்கித் தந்த விண்டோஸ் 11 லேப்டாப். வரும்போதே ஒரு ஆன்டிவைரஸ் இருந்தது. அது காலாவதியாகி ஒரு மாதமாக நச்சரிக்கிறது. போதாக்குறைக்கு வலது மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று சிவப்பாக ஒன்று வந்து வந்து போகிறது. கடைக்காரர் 1,200 ரூபாய் கேட்கிறார். பென்ஷன் கணக்கு பார்ப்பது, கரண்ட் பில் கட்டுவது, மனைவி சீரியல் பார்ப்பது, இவ்வளவுதான் எங்கள் வேலை. கட்டிவிடவா?

திருகாணி:
பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள் ஐயா. மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன், ஒரு காலத்தில் ஆன்டிவைரஸ் சிடி விற்றவன்தான். விண்டோஸ் 7-இல் கூடவே வந்த டிஃபெண்டர் ஸ்பைவேரை (உளவு பார்க்கும் புரோகிராம்களை) மட்டும் பார்க்கும், அதனால் விற்றோம். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது அதுவே முழு ஆன்டிவைரஸ் ஆகிவிட்டது. உங்களுடையதிலும் இருக்கிறது, இன்னொன்று உட்கார்ந்திருப்பதால் ஒதுங்கி நிற்கிறது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய்ப் பழையதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், தானே வேலையைத் தொடங்கிவிடும். விண்டோஸ் அப்டேட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த ‘5 வைரஸ்’ வேறு கதை. அடுத்த முறை வரும்போது உற்றுப் பாருங்கள், பொடி எழுத்தில் குரோம் என்றும் ஏதோ ஒரு தளத்தின் பெயரும் இருக்கும். யாரோ அந்தத் தளத்துக்கு நோட்டிபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். என்னிடம் ‘வைரஸ்’ என்று வரும் லேப்டாப்பில் பாதி இந்த ரகம்தான். குரோம் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன்ஸ் பட்டியலில் அந்தத் தளத்தை பிளாக் செய்யுங்கள். பாப்-அப்பைத் தொட வேண்டாம்.

பழையமவுஸ்:
டிஃபெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே என் மைத்துனரின் கல்யாண போட்டோ எல்லாம் ரான்சம்வேரில் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பூட்டிக்கொண்டது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

திருகாணி:
நடக்கும். காசு கொடுத்து வாங்கியது இருந்தும் பூட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். கிராக் சாப்ட்வேர் (திருட்டுப் பிரதி) போடும்போது நாமே டிஃபெண்டரை அணைத்துவிடுகிறோமே, அவர் அப்படிச் செய்தாரா என்று கேட்டுப் பாருங்கள். டிஃபெண்டர் செட்டிங்ஸில் ரான்சம்வேர் புரொடெக்ஷன் பகுதியில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்று ஒன்று 2017-இலிருந்தே இருக்கிறது, ஆனால் நாமாகப் போட்டால்தான் உண்டு. தெரியாத புரோகிராம் எதையும் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் கை வைக்க விடாது. தொல்லையும் உண்டு: என் கடையில் பழைய ஸ்கேனர் புரோகிராமே சேவ் ஆகாமல் அரை நாள் போனது, அப்புறம் அதற்குத் தனியாக அனுமதி கொடுத்தேன். போட்டோவுக்கு எதை நம்பினாலும் தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி வேண்டும். காப்பி எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள், செருகியே இருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

மாடித்தோட்டம்:
செய்துவிட்டேன். டிஃபெண்டரின் கேடயப் படத்தில் பச்சை டிக் வந்துவிட்டது. தளம் சீரியல் தளம்தான். ‘அலோ கொடுத்தால்தான் ஓடும்னு போட்டிருந்துச்சு, கொடுத்தேன்’ என்கிறார் மனைவி. கடைக்காரருக்குத்தான் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை, தினமும் அவர் கடையைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறேன்.