யூனியன் தீவுப் பல்லி: விவரம் அறிந்தோரின் உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். கரீபியக் கடலில் செயின்ட் வின்சென்ட் கிரெனடின்ஸ் நாட்டைச் சேர்ந்த யூனியன் தீவில், சாத்தம் விரிகுடாவை ஒட்டிய மலைச்சரிவுக் காட்டில் மட்டுமே வாழும் ஒரு சின்னஞ்சிறு பல்லியைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதி வருகிறேன். ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீள உடல் கொண்ட இவ்வுயிரினம் 2005ஆம் ஆண்டில்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. கல்லுக்கடியில் பதுங்கியிருக்கும்போது மண்ணோடு மண்ணாகக் கரும்பழுப்பாய்த் தெரியும் இது, வெளிச்சம் பட்டதும் சிவப்பும் நீலமுமாக நிறம் மாறி, கழுத்தோரத்தில் கரிய விளிம்புள்ள வெண்புள்ளிகள் பளிச்சிட நிற்கும். அந்த அழகே இதற்குக் கேடாயிற்று. வளர்ப்புப் பிராணியாக விற்பதற்காகத் திருட்டுத்தனமாகப் பிடித்துச் செல்லப்பட்டதால், 2019இல் இதன் பன்னாட்டு வணிகம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலின்கீழ்த் தடைசெய்யப்பட்டது.

இதன் பேரினத்துப் பல்லிகளுக்கு விரல்களில் ஒட்டும் பட்டைகள் இல்லை என்பதும், அவை ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான் இடும் என்பதும் எனக்குத் தெரியும். அத்தனை மெதுவாகப் பெருகும் ஓர் உயிரினத்தின் ஒரே வீட்டை 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி தாக்கியதை நினைக்கும்போது மனம் பதைக்கிறது.

நிழல் தந்த மரங்கள் முறிந்தபின் சருகும் கற்களும் ஈரம் காக்கின்றனவா, பல்லிகள் எவ்விடங்களில் ஒதுங்குகின்றன என்பன குறித்த களக்குறிப்புகளைப் படித்தவர்களோ, இப்பேரினத்துப் பல்லிகளைக் காட்டில் நேரில் கவனித்தவர்களோ இங்கிருந்தால், தயவுசெய்து பகிருங்கள். பல்லிகள் காணப்படும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் குறிப்புகளை மட்டும் பொதுவில் இட வேண்டாம். அவை பிடிப்பவர்களுக்கே வழிகாட்டிவிடும்.