2006 மாடல் பைக் புகை டெஸ்டில் ஃபெயில், ரிங் மாற்றத்தான் வேண்டுமா?

அப்பாவின் வண்டி:
வணக்கம். அப்பா ஓட்டிய 100 சிசி நாலு ஸ்ட்ரோக் பைக், கார்பரேட்டர் வண்டி. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் என்று புகை டெஸ்டுக்குப் போனால் ஃபெயில். சீட்டில் சிஓ (கார்பன் மோனாக்சைடு) 5.2, எச்.சி. (எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பன்) 2,100 என்று இருக்கிறது. லிட்டருக்கு 60 கொடுத்த வண்டி இப்போது 45 தாண்டவில்லை, ஆனால் காலையில் சோக் (குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகக் காற்றைக் குறைக்கும் மூடி) போடாமலே ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். விற்க மனமில்லை. என்ன செய்யலாம்?

கோவை ஒர்க்‌ஷாப்:
பிரிக்காதீர்கள். முதலில் அந்தச் சீட்டைப் படியுங்கள். உங்கள் வண்டிக்கு ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடும்போது, சிஓ 3.5 சதவீதம், எச்.சி. 4,500 பிபிஎம் வரை போகலாம். எச்.சி. அதில் பாதிகூட இல்லை, ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தால் அதுதான் ஏறும், நீலப் புகையும் வரும், ஆயிலும் குறையும். சிஓ மட்டும் ஏறினால் பெட்ரோல் கூட, காற்று குறைவு என்று அர்த்தம், மைலேஜ் விழுந்ததும் அதனால்தான். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கரி பூசின மாதிரி இருக்கும்.

ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். அப்புறம் சோக். லிவரை விட்ட பிறகும் உள்ளே பாதி மூடியே நிற்கிறதா என்று பாருங்கள், குளிர்ந்த இன்ஜின் சோக் இல்லாமல் உடனே பிடிக்கிறது என்றால் எனக்கு அதில்தான் சந்தேகம். அதுவும் சரியாக இருந்தால், கார்பரேட்டருக்குள் வரும் பெட்ரோலை அளவோடு நிறுத்தும் ஃப்ளோட் நீடில் தேய்ந்து பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகிறதா என்று பார்க்க வேண்டும்.

மதுரை ரைடர்:
இதெல்லாம் எதற்கு, கார்பரேட்டர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினால் பாஸ் ஆகிவிடுமே?

கோவை ஒர்க்‌ஷாப்:
ஃபில்டர் அடைத்த வண்டியில் ஸ்க்ரூவைத் திருப்பினால் ஐட்லிங்கில் எண் குறையும், ஓடும்போது பழைய கதைதான். இன்னொன்று, ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கு, உள்ளே முடுக்கினால் பெட்ரோல் விகிதம் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் நேர் எதிர். இது தெரியாமல் திருப்பிக் கெடுத்த வண்டிகள் என்னிடம் நிறைய வருகின்றன. அதைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

டெஸ்ட் சென்டரில் வேலை:
பதினைந்து இருபது நிமிடம் ஓட்டி, இன்ஜின் சூடாக இருக்கும்போதே டெஸ்டுக்குக் கொண்டு போங்கள். குளிர்ந்த வண்டியில் எண் கூடத்தான் வரும். சைலன்சரில் ஓட்டை இருந்தால் அடைத்துவிடுங்கள், வெளிக்காற்று கலந்தால் வருகிற எண்ணை நம்ப முடியாது. வண்டியைக் காட்டாமலே சர்டிபிகேட் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள், அந்தப் புகையைச் சிக்னலில் உங்கள் பின்னால் நிற்கிற குழந்தைதான் சுவாசிக்கிறது.

அப்பாவின் வண்டி:
சோக்தான்! கேபிள் துருப்பிடித்து, லிவரை விட்டாலும் பாதியில் நின்றிருக்கிறது. புது கேபிள், ஏர் ஃபில்டர், பிளக் மூன்றும் போட்டு, ஊரைச் சுற்றிவிட்டு நேராக டெஸ்டுக்குப் போனேன். சிஓ 2.3, எச்.சி. 1,400, பாஸ். ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. காலையில் மட்டும் இனி சோக் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகிறது, அப்பா காலத்தில் இருந்த மாதிரி. ரொம்ப நன்றி அண்ணா.