தராந்தா கார்டை எப்படி எழுதுவது?

கட்டைவிரல்: தராந்தா, ஸ்பெயினின் ஃப்ளமெங்கோ இசையில் ஒரு வகை. கிட்டாரில் அதன் ஆதார கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), ஆறாம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை அழுத்தும் ஃப்ரெட் எண்களாக எழுதினால், 2-4-4-3-0-0; 0 என்றால் திறந்த தந்தி. ஒலிப்பவை எஃப் ஷார்ப், சி ஷார்ப், எஃப் ஷார்ப், ஏ ஷார்ப், பி, ஈ. 'எஃப் ஷார்ப் செவன், கூடவே லெவன்' என்று ஜாஸ் முறையில் எழுதினால் உலகம் முழுக்கப் புரியும். வெறும் 'தராந்தா கார்டு' என்றால் புதியவருக்கு என்ன விளங்கும்?

நைலான்தந்தி: 'செவன்' என்று பார்த்ததுமே ஜாஸ் பழகியவர் பி மைனருக்குப் போய்விடுவார். தராந்தாவில் பி மைனர், ஏ, ஜி என்று இறங்கி எஃப் ஷார்ப்பில்தான் அமர்கிறோம். பாடலின் அடிகள் டி மேஜர் பக்கம் போனாலும் கடைசியில் ஜி வழியாக அங்கேயே திரும்பும். எஃப் ஷார்ப் இங்கே பி மைனருக்கு இட்டுச்செல்லும் ஐந்தாம் கார்டு அல்ல, ஆதாரமே அதுதான்.

இன்னொன்று: மூன்றாம் தந்தியின் 3-ஆம் ஃப்ரெட்டிலிருந்து விரலைச் சுண்டி எடுங்கள். திறந்த ஜி, பக்கத்துத் தந்தியின் எஃப் ஷார்ப்போடு அரைச்சுர இடைவெளியில் உரசும். அந்த உரசல்தான் தராந்தா. நீங்கள் சொன்ன கார்டு பெயரில் அது எங்கே?

சுருதிப்பெட்டி: எஃப் ஷார்ப்பை ஷட்ஜமாக வைத்தால் ஜி சுத்த ரிஷபம், ஏ ஷார்ப் அந்தர காந்தாரம். வகுளாபரண ராகம் என்று சொல்லிவிடலாமே?

நைலான்தந்தி: பாடுபவர் இறங்கும்போது சாதாரண காந்தாரமான ஏ-யைத் தொடுவார், கிட்டாரோ ஏ ஷார்ப்பைப் பிடித்திருக்கும். சாதாரண காந்தாரம் உள்ள தோடியும் இல்லை, வகுளாபரணமும் இல்லை. இரண்டு காந்தாரமும் வேண்டும்.

கட்டைவிரல்: ஆதாரம் பற்றிச் சொன்னது சரி, ஏற்கிறேன். ஆனால் பிடி எண்ணை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். ஃப்ளமெங்கோ கிட்டார் கலைஞர் ரமோன் மொந்தோயா 1936-ல் பாரிஸில் பதிவுசெய்த ரொந்தேன்யா என்ற இன்னொரு வகையில் ஆறாம் தந்தி டி-க்கும் மூன்றாம் தந்தி எஃப் ஷார்ப்புக்கும் இறங்கியிருக்கும். அங்கே இதே 2-4-4-3-0-0 போட்டால் ஈ, சி ஷார்ப், எஃப் ஷார்ப், ஏ, பி, ஈ வரும். ஏ ஷார்ப்பே காணாமல் போய்விடும்.

நைலான்தந்தி: ஒலிக்கும் சுரத்தை மட்டும் எழுதினாலும் இதே சிக்கல். ஏ-யை ஆதாரமாகக் கொண்ட பிடிகளை ('போர் மேதியோ' என்பார்கள்) 2-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு வாசித்தாலும் ஆதாரம் பி, கேப்போ இல்லாமல் வாசிக்கும் கிரனாயினா என்ற ஃப்ளமெங்கோ வகையிலும் பி. திறந்து ஒலிக்கும் தந்திகள் வேறு, அதனால் நிறமும் வேறு.

கட்டைவிரல்: அப்படியானால் தந்திகளின் சுருதி, கேப்போ, பிடி, ஆதார சுரம் என்று நான்கையும் எழுதுவோம். ஜாஸ் பெயர் வேண்டுமென்றால் அடியில் சின்னதாக இருக்கட்டும்.