புதுப்பிப்பு: ஸ்டீயரிங் முனகல் நின்றது

போன மாதம் எழுதியிருந்தேன்: என்னுடைய 1998 மாடல் ஃபோர் வீல் டிரைவ் வால்பாறை மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முனகுகிறது, பவர் ஸ்டீயரிங் ஆயிலும் குறைந்துகொண்டே வருகிறது என்று. பம்ப் போச்சு என்றுதான் பலர் சொன்னீர்கள். நல்லவேளை, பம்ப் இல்லை.

ஆயில் டப்பாவைத் திறந்தால் மேலே ஒரே நுரை. அப்படியென்றால் காற்று புகுகிறது. டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ் காய்ந்து வெடித்திருந்தது. இன்ஜின் ஓடும்போது பம்ப் அந்த வழியாக உறிஞ்சுவதால் காற்றையும் சேர்த்து இழுக்கும். வண்டி நிற்கும்போது ஆயில் சொட்டும். இரண்டு தொல்லைக்கும் ஒரே வெடிப்பு!

ஹோஸ், கிளிப் மாற்றியாயிற்று. பழைய ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்ததால் அதையும் மாற்றினேன். முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி பாட்டிலில் விட்டு, இன்ஜினைப் போடாமல் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை மெதுவாகத் திருப்பினேன். பையன் மேலே டப்பாவில் புது ஆயிலை ஊற்றிக்கொண்டே இருந்தான். சுத்தமான சிவப்பு வர கிட்டத்தட்ட 2 லிட்டர் ஆனது. டப்பாவில் ரிட்டர்ன் வாயை அடைக்க மறந்ததால் தரைக்கும் கொஞ்சம் போனது, அது தனிக் கதை.

என் வண்டிக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு ஆயில். உங்கள் வண்டிக்குக் கையேட்டில் இருப்பதைப் பாருங்கள். அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றலாம் என்ற அண்ணனுக்கு: வேண்டவே வேண்டாம், சீல் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

இப்போது 600 கிலோமீட்டர் ஓடிவிட்டது, அளவு அப்படியே நிற்கிறது. ஸ்டீயரிங் பாக்ஸின் அடியில் மட்டும் லேசான ஈரம்.