சாரா ஆன்ட்டியை அறிந்தவர்கள் எழுதுங்கள்: தையல், விளக்கு, நினைவு நாள்

மட்டாஞ்சேரிவாசி எழுதியது:
கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவுக்குப் போனவர்களுக்கு ஜன்னலோரம் பூத்தையல் போட்டபடி உட்கார்ந்திருந்த சாரா ஜேக்கப் கோஹனை மறக்க முடியாது. 1922-ல் பிறந்தவர். 97 நிறைய சில நாட்களே இருந்தபோது, 2019 ஆகஸ்ட் 30-ல் காலமானார். கணவர் ஜேக்கப் 1999-லேயே போய்விட்டார், பிள்ளைகளும் கிடையாது. ஆனாலும் அந்தத் தெருவுக்கே அவர்தான் மூத்த தாய். யூதர், முஸ்லிம், இந்து என்று பார்க்காமல் எல்லோருக்கும் 'சாரா ஆன்ட்டி'.

இஸ்ரேல் உருவான பிறகு 1950-களில் கேரள யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்த 'பரதேசி' யூதக் குடும்பங்களும் பின்னால் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. 1568-ல் கட்டிய தொழுகைக்கூடம் அப்படியே நிற்க, அதற்குப் போகும் தெருவில் வீடுகள் பழம்பொருள் கடைகளாகிக்கொண்டே வந்தன. ஆன்ட்டி தன் வீட்டையும் பூத்தையல் கடையையும் விட்டு நகரவில்லை. தெருவில் அஞ்சலட்டை விற்றுக்கொண்டிருந்த தாஹா இப்ராஹிம் என்ற சிறுவனுக்குச் சரக்கு வைத்துக்கொள்ள வீட்டில் இடம் கொடுத்தார்கள் அந்தத் தம்பதி. ஆன்ட்டியின் கடைசிக் காலத்தில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் அதே தாஹாதான். கடையையும் அவர் காத்துவருகிறார்.

ஆன்ட்டியின் கைவேலையைப் பற்றித் தெரிந்தவர்கள் விவரமாக எழுதினால் நல்லது. 'பாட்டி தைத்தார்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

தையல்கூடம் எழுதியது:
கடையில் முக்கியமானவை இரண்டு. ஒன்று யூத ஆண்கள் தலையில் வைக்கும் கிப்பா என்ற சிறு தொப்பி. இன்னொன்று வெள்ளிக்கிழமை இரவு மேசையில் இரட்டை ரொட்டியை மூடும் ஹல்லாத் துணி. தைக்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

கிப்பாவுக்கு ஆறு துண்டு. ஒவ்வொன்றும் அடியில் 8 செ.மீ., உயரம் 10 செ.மீ.; சுற்றிலும் தையலுக்கு 6 மி.மீ. கூடுதலாக விட வேண்டும். வெல்வெட் என்றால் ஆறு துண்டிலும் மயிர் ஒரே பக்கம் படிய வேண்டும். ஒன்று திரும்பிவிட்டால் வெயிலில் அந்தத் துண்டு மட்டும் வேறு நிறமாகத் தெரியும். ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே தள்ளிப் பூத்தையலை முதலில் முடித்துவிட்டுத்தான் துண்டுகளை இணைக்க வேண்டும். இணைக்கும்போது துண்டின் ஒவ்வொரு பக்கமும் ஒரு மி.மீ. உள்வாங்கினால் சுற்றளவில் 12 மி.மீ. போய்விடும். பெரியவர் தொப்பி பையன் தொப்பியாகிவிடும்.

நூல் ஆறு இழை சேர்ந்தது. இரண்டு இழை பிரித்தால் போதும். நீளம் ஒரு முழத்தைத் தாண்டினால் சிக்கும். தையல் வளையத்தை வெல்வெட் மேல் இரவு முழுக்க விட்டால் வட்டத் தடம் விழும், எளிதில் போகாது. இஸ்திரி நேராக வைக்காதீர்கள். கனமான துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டு ஆவி மட்டும் காட்டினால் போதும்.

ஹல்லாத் துணியில் சிக்கல், அதில் தைக்கும் எபிரேய எழுத்துதான். வெல்வெட்டில் கார்பன் தாள் பதியாது. மெல்லிய தாளில் வரைந்து, துணிமேல் ஓட்டுத்தையல் போட்டு, அதன் மேலேயே தைத்துவிட்டுத் தாளைக் கிழித்து எடுக்க வேண்டும். தாளைத் திருப்பி வைத்துவிட்டால் எபிரேய எழுத்து கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறிவிடும். எபிரேயம் படிக்காத தையல்காரருக்கு முடித்த பிறகும் அது தெரியாது. இன்னொன்று, 'ஹே' எழுத்தின் இடது காலுக்கு மேலே ஓர் இடைவெளி உண்டு. பூத்தையல் அழகாக நிறைய வேண்டுமென்று அதை அடைத்துவிட்டால் அது 'ஹேத்' என்ற வேறு எழுத்தாகிவிடும். 'தாலெத்'தின் மேல் மூலையை வளைத்துவிட்டால் 'ரேஷ்'. 'ஷப்பாத்' (வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வு நாள்) என்ற சொல்லின் நடுவில் வரும் 'பேத்'துக்கு வலது கீழ்மூலையில் சிறிய குதிகால் வேண்டும், இல்லாவிட்டால் 'காஃப்'. மூன்று தையல் தள்ளிப்போனாலே வாசகம் கெட்டுவிடும். ஆன்ட்டியின் கண்ணும் கையும் எவ்வளவு காலம் இதைத் தாங்கின என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

பட்டுச்சரிகை எழுதியது:
தையல்கூடம் அக்கா சொன்னதோடு ஒன்று. கொச்சி யூதப் பெண்களின் துணி வேலை கடையோடு நிற்கவில்லை. தோரா என்ற வேதச் சுருளை வைக்கும் பேழைக்கு முன்னால் தொங்கும் திரையை, பெண்கள் விசேஷத்துக்கு உடுத்திய சரிகை முண்டிலிருந்தே தைத்த வழக்கம் அங்கே இருந்தது. மணப்பெண் உடுத்திய துணி தொழுகைக்கூடத்துக்குப் போய்ச் சேரும். கல்யாணப் பாட்டுகளை மலையாளத்தில் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துக் காத்தவர்களும் பெண்களே.

நாள்காட்டி எழுதியது:
நினைவு நாளைப் பற்றி. பலர் ஆகஸ்ட் 30-ல் பதிவு போடுகிறார்கள், தவறில்லை. ஆனால் யூத வழக்கப்படி ஆண்டு நினைவு எபிரேயத் தேதியில்தான். 2019 ஆகஸ்ட் 30 வெள்ளிக்கிழமை. எபிரேயத்தில் 5779, ஆவ் மாதம் 29. அது நம் நாள்காட்டியில் ஆண்டுதோறும் நகரும்: 2024-ல் செப்டம்பர் 2, 2025-ல் ஆகஸ்ட் 23, 2026-ல் ஆகஸ்ட் 12. எந்தப் பெரியவருக்குக் கணக்கிட்டாலும் உயிர் பிரிந்தது சூரியன் மறைவதற்கு முன்பா பின்பா என்று குறித்து வையுங்கள். மறைந்த பிறகென்றால் எபிரேயத் தேதி ஒன்று கூடிவிடும். இதைக் குறிக்காமல் விட்டுப் பிற்பாடு தடுமாறும் குடும்பங்கள் ஏராளம்.

விளக்கு முந்தின நாள் மாலையே ஏற்ற வேண்டும், 24 மணி நேரம் எரிய வேண்டும். 2025 போல நினைவு நாள் சனிக்கிழமையில் விழுந்தால், வெள்ளி மாலை ஷப்பாத் விளக்குக்கு முன்னால் இதை ஏற்றிவிட வேண்டும். ஷப்பாத் பிறந்தபின் தீ மூட்டக் கூடாது. மெழுகுவர்த்தி கிடைக்காவிட்டால் எண்ணெய் விளக்கே போதும்: கண்ணாடிக் குவளையில் அடியில் தண்ணீர், மேலே 100 மில்லி எண்ணெய், மிதக்கும் மெல்லிய திரி. திரி தடித்தால் எண்ணெய் விடியுமுன் தீரும். குளிர்சாதன அறையில் தேங்காய் எண்ணெய் உறைந்து விளக்கு அணைந்துவிடும், அங்கே நல்லெண்ணெய் ஊற்றுங்கள்.

இறந்தவர் நினைவாகச் சொல்லும் கதீஷ் என்ற துதியைச் சொல்ல வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூட வேண்டும். மட்டாஞ்சேரியில் அந்தப் பத்துப் பேர் சேர்வதே அரிது. வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகளும் கைகொடுத்தால்தான் உண்டு. அந்தச் சமூகத்தின் மூத்தவருக்கே இந்த நிலை என்பது மனசை அறுக்கிறது.

மட்டாஞ்சேரிவாசி எழுதியது:
நன்றி எல்லோருக்கும். போக நினைப்பவர்களுக்கு: வெள்ளி, சனியிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் போகாதீர்கள், தொழுகைக்கூடத்தில் பார்வையாளருக்கு அனுமதி இருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே. தரை முழுக்கச் சீனாவிலிருந்து வந்த, கையால் வரைந்த நீலவெள்ளை ஓடுகள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். ஆன்ட்டியின் கடை அதே தெருவில்தான். கிப்பா வாங்கினால் உள்பக்கத்தைத் திருப்பி, முடிச்சுகள் எப்படி மறைந்திருக்கின்றன என்று பாருங்கள்.