ஃபிரெஸ்னோ மாநிலப் போட்டியும் கல்லூரிக் கோச்சுகளும்: ஓடும் பிள்ளைகளின் பெற்றோர் அனுபவங்கள்

சான் ஹோசேயிலிருந்து ஒரு அப்பா:

கிராஸ் கன்ட்ரி ஓடும் பிள்ளைகள் இப்போது நம் வீடுகளில் நிறைய. புல்லிலும் மண்ணிலும் மேடு பள்ளத்திலும் ஓடும் நெடுந்தூரப் போட்டி இது. கூடைப்பந்துக்குத் தேர்வு வைத்துப் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பும் பள்ளிகள்கூட, ஓட வந்த பிள்ளையை வேண்டாம் என்று சொல்வது அபூர்வம். எங்கள் மகளும் ஒன்பதாம் வகுப்பில் தோழிகளோடு போய் அப்படித்தான் சேர்ந்தாள். இன்று ஒரு டிவிஷன் 3 கல்லூரி டீமில் ஓடுகிறாள் (கல்லூரி விளையாட்டில் மூன்று அடுக்கு உண்டு, டிவிஷன் 1தான் மேல் அடுக்கு). 10, 11ஆம் வகுப்புப் பெற்றோர் பலர் விசாரிப்பதால், கல்லூரிக் கோச்சுகள் எங்களிடம் எதைக் கேட்டார்கள், எதைக் கேட்கவே இல்லை என்று எழுதுகிறேன்.

முதலில் மாநிலப் போட்டி. கலிஃபோர்னியாவில் 1987 முதல் இது ஃபிரெஸ்னோவின் உட்வர்ட் பார்க்கில் நடக்கிறது, தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை. ஊர் முழுக்க விடுமுறைத் தூக்கத்தில் இருக்க, ஓடும் பிள்ளைகளின் வீடுகளில் மட்டும் வெள்ளிக்கிழமையே கார் கிளம்பிவிடும். நவம்பர் கடைசியில் அந்தப் பள்ளத்தாக்கில் காலைக் குளிர் எலும்பைத் தொடும், சில வருஷம் பனிமூட்டமும் இருக்கும். பள்ளிகளின் அளவைப் பார்த்து ஐந்து பிரிவு, ஆண் பெண் தனித்தனி, ஆகப் பத்து ஓட்டம். எல்லாம் 5 கி.மீ.

புள்ளிக் கணக்கு தெரியாமல் இந்தப் போட்டியைப் பார்த்தால் பாதிதான் பார்த்த மாதிரி. ஒரு டீமில் ஏழு பேர் ஓடுவார்கள். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டினால் டீமின் புள்ளி. குறைந்த புள்ளிக்கு வெற்றி. முதல் ஐந்து இடத்தையும் ஒரே டீம் பிடித்தால் 15, அதற்குக் கீழே போக முடியாது. ஆறாவதும் ஏழாவதும் கூட்டலில் வராது. ஆனால் எதிர் டீமின் ஐந்தாவது ஆளை முந்திவிட்டால் அந்த டீமின் புள்ளியை ஏற்றிவிடுவார்கள். என் மகள் எங்கள் பள்ளி டீமில் ஐந்தாவது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவள் நூறு பேருக்கு நடுவே வருகிற ஒரு பெண். உண்மையில் டீமின் விதி அங்கேதான் முடிவாகிறது. முன்னால் ஓடுகிறவர்களிடம் இடைவெளி பெரிதாக இருக்கும், பத்து விநாடி கூடினாலும் ஓரிரு இடம்தான் போகும். நடுக்கூட்டத்தில் அதே பத்து விநாடி பதினைந்து இருபது இடத்தைத் தின்றுவிடும். கடைசி 200 மீட்டரில் அவள் முந்திய ஒவ்வொரு பெண்ணுக்கும் டீமின் கணக்கில் ஒரு புள்ளி குறையும். அனுபவமுள்ள பெற்றோர் ஜெயிக்கும் பிள்ளையைப் பார்க்கமாட்டார்கள், தங்கள் ஐந்தாவது ஆளை எண்ணிக்கொண்டு நிற்பார்கள்.

சரி, கல்லூரிக்கு வருகிறேன். மாநிலப் போட்டியில் எத்தனையாவது இடம் என்று எந்தக் கோச்சும் எங்களிடம் முதலில் கேட்கவில்லை. கிராஸ் கன்ட்ரி தடங்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற ஓடும் எங்கள் செக்‌ஷன் போட்டி நடக்கும் பெல்மான்ட்டின் கிறிஸ்டல் ஸ்பிரிங்ஸ் 2.95 மைல், ஏற்ற இறக்கம். தெற்கே வால்நட்டில் மவுன்ட் சாக் தடத்தில் வரிசையாக மேடுகள், அதில் ஒன்றுக்குப் பெயரே பூப் அவுட். உட்வர்ட் பார்க் இரண்டையும்விட வேகமானது. அதனால் அவர்கள் வசந்தகாலத்து ட்ராக் டைமைக் கேட்பார்கள்: 1600 மீட்டர், 3200 மீட்டர். மகளின் 3200 அப்போது 11 நிமிடத்துக்குச் சற்று மேல். நல்ல டைம்தான், டிவிஷன் 1 பெரிய டீம்களுக்குப் போதாது. அதை ஒரு கோச் போனில் மரியாதையாகவும் நேராகவும் சொன்னார். இழுத்தடிக்காமல் சொன்னதற்கு அவருக்கு இன்றும் நன்றி.

உச்சியில் இருக்கும் பிள்ளைகளின் உலகம் வேறு. நான்கு பிராந்தியங்களிலிருந்து பத்துப் பத்துப் பேராக நாற்பது பேர் மட்டும் சான் டியேகோவின் பால்போவா பார்க்கில் ஓடிய ஃபுட் லாக்கர் தேசிய இறுதிப் போட்டி, போர்ட்லண்டில் நைக்கி நடத்தும் தேசியப் போட்டி, இங்கெல்லாம் வருகிற பிள்ளைகளைக் கோச்சுகளே தேடிப் போவார்கள். நம் மாநிலத்தின் நியூபரி பார்க் பையன்கள் 2021 டிசம்பரில் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் நடந்த ரன்னிங்லேன் தேசியப் போட்டியில் முதல் மூன்று இடத்தையும் பிடித்தார்கள். முதலில் வந்த காலின் சால்மன் 5 கி.மீ.யை 14:03இல் முடித்தார். பின்னால் வந்த லெக்ஸ், லியோ யங் இரட்டையர் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார்கள். அந்த அளவில்கூடப் பணம் கொட்டுவதில்லை. டிவிஷன் 1இல் 2024-25 வரை ஒரு கல்லூரி ஆண்களுக்கு 12.6, பெண்களுக்கு 18 ஸ்காலர்ஷிப்தான் தரலாம். அதுவும் ஓடுகிறவர், தாண்டுகிறவர், குண்டு எறிகிறவர் எல்லோருக்கும் சேர்த்து. ஐவி லீகின் எட்டுக் கல்லூரிகளிலும், டிவிஷன் 3 முழுக்கவும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது.

மகளைச் சேர்த்துக்கொண்ட கோச் முதல் அழைப்பில் கேட்டது: வாரத்துக்கு எத்தனை மைல் ஓடுகிறாய்? முப்பதுக்குள் என்றாள். கோடையில்? கொஞ்சம் கூட. எலும்பில் விரிசல் ஏதாவது வந்ததா? இல்லை. 9ஆம் வகுப்பு டைம் என்ன, 10இல் என்ன, 11இல் என்ன? அவர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. கடைசியில் அவர் சொன்னது: "முப்பது மைலில் இந்த டைம் என்றால் உன்னிடம் இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. அதுதான் எனக்கு வேண்டும்."

நான் சொல்ல வருவதும் இதுதான். கோச்சுகள் இன்றைய இடத்தை மட்டும் பார்ப்பதில்லை, பிள்ளையிடம் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். 15 வயதில் வாரம் அறுபது மைல் ஓடவைத்து மாநிலத்துக்கு அனுப்பும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். பிஞ்சிலேயே பழுக்கவைக்கும் அந்த வேலையைக் கோச்சுகள் ஒரு பட்டியலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள். கல்லூரியில் பெண்களுக்கு 6 கி.மீ., ஆண்களுக்கு 8, டிவிஷன் 1 தேசியப் போட்டியில் 10. வளர்வதற்கு இடம் வேண்டும்.

இன்னொன்று. மகளின் விவரங்களை நூற்றுக்கணக்கான கோச்சுகளுக்கு அனுப்புவதாகச் சொல்லி ஒரு ரெக்ரூட்டிங் சேவை எங்களிடம் ஆயிரக்கணக்கில் டாலர் கேட்டது. வேண்டாம் என்றோம். அப்படி மொத்தமாக வரும் மெயில்களைத் திறப்பதே இல்லை என்று பிறகு ஒரு கோச் சொன்னார். பிள்ளை தானே எழுதிய நான்கு வரி போதுமாம். பெற்றோர் எழுதியது முதல் வரியிலேயே தெரிந்துவிடும் என்றும் சொன்னார்.


நியூ ஜெர்ஸியிலிருந்து ஒரு அம்மா:

அண்ணா, எலும்பு விரிசல் பற்றிக் கோச் கேட்டார் என்று படித்ததும் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. எங்கள் பெண் ஹோம்டெல் பார்க்கில் ஓடுபவள். பவுல் என்கிற அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறுவதுதான் அங்கே எல்லோருக்கும் சோதனை. பத்தாம் வகுப்பில் அதில் ஆட்களை முந்திக்கொண்டு ஏறினாள். அடுத்த வருஷம் அதே இடத்தில் நடக்கிற மாதிரி ஆகிவிட்டது. பயிற்சியில் குறை இல்லை, தூக்கத்தில் குறை இல்லை. வீட்டு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. டாக்டரிடம் போனோம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது, பரீட்சைக் கவலையாக இருக்கும் என்று அனுப்பிவிட்டார்.

பள்ளிக் கோச்தான் ஃபெரிட்டின் பாருங்கள் என்றார். உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பின் அளவு அது. ஹீமோகுளோபின் இறங்குவதற்கு வெகு முன்பே இது காலியாகிவிடலாம். எங்கள் பெண்ணுக்கு அடிமட்டத்தில் இருந்தது. நாங்கள் சைவம். கீரையிலும் பருப்பிலும் இரும்பு உண்டு, ஆனால் கறியில் இருப்பதுபோல உடம்பு அதை எளிதில் எடுத்துக்கொள்ளாது. மாதவிடாய், வியர்வை, தொடர்ந்து ஓடுவதால் பாதத்தில் விழும் அடி, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். டிபனோடு சேர்த்துக் குடிக்கும் காபி இருக்கிற இரும்பையும் சேரவிடாது. இப்போது எங்கள் வீட்டில் காபி தனி நேரம், கீரைக்கும் சுண்டலுக்கும் மேலே எலுமிச்சை பிழிவது கட்டாயம். மாத்திரை வேறொரு டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்தார். ரத்தப் பரிசோதனை இல்லாமல் யாரும் இரும்பு மாத்திரை தொடங்காதீர்கள், கூடினாலும் கெடுதல்.

அவள் பழைய வேகத்துக்கு வர மாதக்கணக்கில் ஆனது. அந்த சீசன் டைம் மோசம். கல்லூரிக் கோச்சுகளுக்கு எழுதும்போது அதை மறைக்காமல் எழுதினாள். ஒருவர் பதில் போடவில்லை. இன்னொருவர், எங்கள் டீமில் எல்லாருக்கும் சீசனுக்கு முன்பு ஃபெரிட்டின் பார்ப்போம் என்று எழுதினார். எங்கள் பட்டியலில் அந்தக் கல்லூரி அன்றைக்கே மேலே போய்விட்டது.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது டீம் பெண்களோடு உங்கள் மகள் தனியாகப் பேசட்டும். எடை பார்க்கிறார்களா, யார் பார்க்கிறார்கள், டீமுக்கு உணவு ஆலோசகர் உண்டா, மாதவிடாய் நின்றுபோனால் யாரிடம் சொல்வார்கள் என்று கேட்கட்டும். 17 வயதில் உலக அளவில் ஓடிய மேரி கெய்ன் 2019இல் வெளியே வந்து பேசியது ஞாபகம் இருக்கும். எடையைக் குறை, குறை என்ற அழுத்தத்தில் மாதவிடாய் நின்று, ஐந்து எலும்புகள் உடைந்த கதை அது. அவ்வளவு பெரிய திறமைக்கே அந்தக் கதி. இந்தக் கேள்விகளைக் கேட்டால் கோச் முகம் சுளித்தார் என்றால் அதுவே பதில்.


டெக்சாஸிலிருந்து ஒரு அப்பா:

என் மகன் ரவுண்ட் ராக்கில் நடக்கும் மாநிலப் போட்டிவரை போனவன். பெரிய மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் கோச், ஸ்காலர்ஷிப் இல்லை, ஆனால் வாக்-ஆன் ஆக வா என்று 11ஆம் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். அதை நம்பி வேறு யாருக்கும் அவன் எழுதவில்லை. கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. மீது விளையாட்டு வீரர்கள் போட்ட வழக்கில் வந்த ஒப்பந்தத்துக்கு 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. ஏற்றுக்கொண்ட கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு போய், டீமின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. கிராஸ் கன்ட்ரிக்கு 17, ட்ராக்குக்கு 45. முன்பு முப்பது பேரை வைத்திருந்த டீம்கள் பதினேழுக்குச் சுருங்கின. முதலில் போனது வாக்-ஆன் பிள்ளைகள்தான். மகனுக்கு வந்தது மூன்று வரி மெயில். விதி மாறுவது அவர்களுக்கு முன்பே தெரியும், ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

படிப்புக்காக அதே பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்தான். அங்கே மாணவர்களே நடத்தும் ரன்னிங் கிளப் இருப்பது போன பிறகுதான் தெரிந்தது. நிர்கா என்ற அமைப்பின் கீழ் நாடு முழுக்க இப்படிக் கிளப்கள் இருக்கின்றன, அவர்களுக்குத் தனியாகத் தேசியப் போட்டியும் உண்டு. வாரம் ஐந்து நாள் சேர்ந்து ஓடுகிறார்கள், ஸ்பைக்ஸ் போட்டுப் போட்டிக்குப் போகிறார்கள். டீம் இடம் கிடைக்காத பிள்ளைகள் ஓட்டத்தை விட்டுவிட வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு கேள்வியும் இருக்கிறது. சின்னவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு, அண்ணனைவிட வேகம். இந்தக் கோடையிலேயே தனி கோச் வைக்கலாமா? கல்லூரிகளுக்கு எப்போது எழுதத் தொடங்கவேண்டும்?


சான் ஹோசே அப்பா:

உங்கள் பெரியவனுக்கு நடந்தது அநியாயம். கிளப் விவரம் எனக்குப் புதிது, நன்றி. நியூ ஜெர்ஸித் தங்கச்சி எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். அவள் டீமிலும் ஃபெரிட்டின் பார்க்கிறார்களாம், அவள் எங்களிடம் சொன்னதே இல்லை.

சின்னவனுக்குத் தனி கோச் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. பள்ளி டீமோடு கோடை ஓட்டம் போகட்டும், மைலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டட்டும். டிவிஷன் 1 கோச்சுகள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை அவனைத் தொடர்புகொள்ளவே விதி அனுமதிக்காது, அதனால் அதற்கு முன் பதில் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். எழுதவேண்டிய நேரம் 11ஆம் வகுப்பு ட்ராக் சீசன் நடக்கும்போதும் முடிந்தவுடனும்தான். பட்டம் முடிக்கும் ஆண்டு, 1600, 3200 டைம், மதிப்பெண், அந்தக் கல்லூரியில் என்ன படிக்க விருப்பம், அவ்வளவு போதும். டிவிஷன் 1, 2 என்றால் என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிவு செய்யவேண்டும், பதினாறு முக்கியப் பாடங்கள் கணக்கில் வரும். அதைப் பள்ளிக் கவுன்சிலரிடம் ஒன்பதாம் வகுப்பிலேயே காட்டிவிடுங்கள்.

டிவிஷன் 3ஐத் தாழ்வாக நினைக்காதீர்கள். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. எம்.ஐ.டி.யும் கால்டெக்கும் அதில்தான். 2019, 2021, 2023இல் ஆண்கள் கிராஸ் கன்ட்ரியில் டிவிஷன் 3 பட்டம் வென்ற பொமோனா-பிட்சர் நம் கிளேர்மான்ட்டில்தான் இருக்கிறது. 11ஆம் வகுப்பு முடிந்த ஜூலையில் கோச் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்கி அட்மிஷன் அலுவலகத்தில் காட்டுவார், அதற்கு ப்ரீ-ரீட் என்று பெயர். நல்ல பதில் வந்தாலும் அது இடம் கிடைத்ததாக ஆகாது. கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: இதே பதில் வந்த பிள்ளைகளில் போன வருஷம் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கவில்லை? எங்களுக்குக் கோச் தயங்காமல் எண்ணைச் சொன்னார். மழுப்புகிற கோச்சாக இருந்தால், உங்கள் பெரியவனுக்கு நடந்ததை மனத்தில் வைத்து, இன்னும் இரண்டு மூன்று கல்லூரிகளோடு பேச்சைத் தொடரச் சொல்லுங்கள்.